மல்கிரேவில் நான் ஜெயித்த ஒரே ஆட்டம்

அன்று காலை மெல்போர்னின் மல்கிரேவில் செஸ் போட்டி நடந்த மண்டபத்தில், மூன்றாம் எண் மேசையைச் சுற்றி யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக் காய்களோடு நான். எதிரே கறுப்புக் காய்களோடு யாழ்ப்பாணத்துச் சிவநேசன். பக்கத்து மேசையில், ஃபிளாஸ்க் மூடியில் சூப்பை ஊற்றிக் குடித்தபடியே ஆடிய ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். அவருக்கு எதிரே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு சீனப் பெண். நடுவராக ஹெலன் என்ற அம்மா. கேன்டீன் ஜன்னலில் மலேசியத் தமிழரான மேரி ஆன்ட்டி, சிவநேசன் பாஷையில் மேரி அன்ரி. என் தம்பி செந்தில் அங்கே இல்லை. மகளின் நீச்சல் வகுப்பில் இருந்தான். ஆனாலும் நடந்ததில் அவனுக்கும் பங்கு உண்டு. அவனைவிட எனக்கு அதிகம்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். திருப்பூரில் பனியனுக்கு லேபிள் அடிக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். செந்திலைப் படிக்க வைத்தோம், அவன் கம்ப்யூட்டர் வேலைக்கு மெல்போர்ன் போனான், வெரிபீ என்ற புறநகரில் வீடு கட்டினான். பால் காய்ச்ச அண்ணன் வராமல் எப்படி என்றான். வந்தேன். வந்த அன்றே கவலையும் கூடவே வந்துவிட்டது. பட்டறையைப் பூட்டினார்களா, மோட்டாரை அணைத்தார்களா, விமானத்தில் கொடுத்த சின்ன உப்புப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டது குற்றமா, இப்படி.

வெரிபீயில் செந்தில் இருக்கும் தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு. இரண்டாம் நாள் காலாற நடந்துவிட்டுத் திரும்பியவன், திறந்து கிடந்த கார் நிறுத்தத்துக்குள் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, "கவிதா, காப்பி" என்றேன். உள்ளேயிருந்து ஒரு பஞ்சாபி அம்மா எட்டிப் பார்த்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். தம்பி மனைவி கவிதா சிரித்துச் சிரித்து, "மாமா, அவங்க நல்லவங்கதான், கேட்டிருந்தா காப்பியே குடுத்திருப்பாங்க" என்றாள்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. கத்தரிக்காய் மட்டும் தலையணை அளவுக்கு இருக்கிறது, ருசியும் தலையணை மாதிரிதான். தெருவில் ஹாரன் சத்தம் கிடையாது. எங்கள் ஊரில் சத்தம் இல்லாவிட்டால் கடையடைப்பு என்று அர்த்தம். இங்கே அதுதான் திங்கட்கிழமை. குப்பைத் தொட்டி மூடிக்கு ஒரு நிறம். எதில் எதைப் போடுவது என்று தெரியாமல் வாழைப்பழத் தோலை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

எனக்கு அங்கே வேலை செய்யும் ஃபோன் இல்லை. ரெண்டு வாரத்துக்கு எதற்கு ஒரு சிம் கார்டு, தண்டம் என்று நான்தான் வேண்டாம் என்றேன். இந்தச் சிக்கனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செந்தில் கல்லூரிக்குப் போன காலத்திலிருந்தே எங்களுக்குள் ஒரு வழக்கம். நான் மிஸ்டு கால் கொடுப்பேன். இரண்டு மணி அடித்ததும் வெட்டிவிடுவேன். 'அண்ணன் தேடுகிறான்' என்று அதற்குப் பொருள். எப்போது பார்த்தாலும் அவன் திரும்ப அழைத்துவிடுவான். இன்றுவரை மாறவில்லை.

ஊரில் ஒரு பொங்கல் விளையாட்டு விழாவில் செஸ் ஆடி ஒரு எவர்சில்வர் குடம் பரிசு வாங்கியிருக்கிறேன். மின்வெட்டு நேரத்தில் பட்டறைப் பையன்களோடு ஆடிப் பழகிய ஆட்டம், அவ்வளவுதான். அந்தக் குடத்தை வைத்துக்கொண்டு செந்தில் ஆஸ்திரேலியா முழுவதும் "எங்கண்ணன் செஸ் சாம்பியன்" என்று சொல்லி வைத்திருக்கிறான். நான் வீட்டில் உட்கார்ந்து கவலைப்படுவதைப் பார்க்கச் சகிக்காமல், சனி, ஞாயிறு நடக்கும் ஒரு போட்டியில் என் பெயரையும் எழுதிவிட்டான்.

"டேய், எனக்கு இங்கிலீஷ் தெரியாதுடா."

"காய் என்ன இங்கிலீஷாண்ணா பேசுது? போய் ஆடீட்டு வாங்க."

சனிக்கிழமை காலை என்னை ரயிலில் ஏற்றிவிட்டுச் செந்தில் நீச்சல் வகுப்புக்குப் போனான். இறங்கியதும் யாரிடமாவது ஃபோன் வாங்கி ஒரு மணி அடியுங்கள் என்று மண்டபத்து முகவரியையும் தன் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தான். பாதி வழியில் ரயிலை நிறுத்தி எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். தண்டவாள வேலையாம், இனி பஸ்ஸாம். மஞ்சள் சட்டைக்காரர் கையைக் காட்டிய பக்கம் கூட்டம் போனது. நானும் போனேன். பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு கிழவர்கள். ஒருவர், "எங்க அப்பா காலத்துலயும் இந்தத் தண்டவாளத்தைத்தான் சரி பண்ணிக்கிட்டிருந்தாங்க" என்பது போல ஏதோ சொல்ல, மற்றவர், "சரி பண்றவங்களும் அதே ஆளுங்கதான்" என்றார். பின்னால் இருந்து ஒருவர் எனக்காகத் தமிழில் சொன்னதால்தான் புரிந்தது. திரும்பினேன். நாற்பத்தைந்து வயதுக்காரர். மடியில் சுருட்டிய செஸ் பலகை.

"அண்ணை எங்க போறியள்?"

சீட்டைக் காட்டினேன். சிரித்தார். "நானும் அங்கதான். பயப்பிடாதேங்கோ, என்னோட வாங்கோ."

சிவநேசனைத் தெரிந்துகொண்டது இப்படித்தான். மருந்து நிறுவனம் ஒன்றின் கிடங்கில் மேற்பார்வையாளர். வழியில் ஒரு வியட்நாம் பேக்கரியில் எனக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்தார். உள்ளே முட்டையும் மல்லித்தழையும் பச்சைமிளகாயும். இந்த நாட்டுக்கு வந்து முதல்முதலாக என் நாக்கு விழித்துக்கொண்டது அப்போதுதான். காசை நீட்டினால் கையைத் தட்டிவிட்டார்.

நடந்துகொண்டே சொன்னார். அடுத்த வாரம் சிட்னியில் ஒரு போட்டி. மெல்போர்னிலிருந்து நாலு பேர் அணியாகப் போகிறார்கள். மூன்று பேர் முடிவாகிவிட்டது. இந்தப் போட்டியில் முதலாவதாக வருகிறவருக்கு நாலாவது இடம். "நான் அஞ்சு வருஷமா அந்த இடத்தைத் துரத்திக்கொண்டு திரியிறன் அண்ணை. ஒவ்வொரு முறையும் அரைப் புள்ளியில போயிடும். மனிசி சொல்லிப்போட்டா, இந்த முறையும் இல்லையெண்டா பலகையை வித்துப்போட்டு ஒரு புல்லு வெட்டுற மிசின் வாங்குங்கோ எண்டு."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

மண்டபத்து வாசலில் நுழைவுக் கட்டணம், நாற்பத்தைந்து டாலர். செந்தில் கொடுத்த ஐம்பது டாலர் நோட்டை நீட்டினேன். கார்டு மட்டும்தான் என்றார்கள். நான் விழித்தேன். சிவநேசன் தன் கார்டைத் தொட்டு எனக்கும் சேர்த்துக் கட்டினார். அவரிடம் என் நோட்டுக்குச் சில்லறை இல்லை. "பிறகு பாப்பம் அண்ணை" என்றார்.

முதல் சுற்றுக்கு ஜோடி சேர்க்கும் முறை எங்கள் ஊரில் சீட்டுக் குலுக்குவது போல இல்லை. ஆட்டக்காரர்களைப் பலத்தின்படி வரிசையாக எழுதி, நடுவில் கோடு போட்டு, மேல்பாதியைக் கீழ்பாதியோடு மோதவிடுகிறார்கள். பலசாலிக்கு நோஞ்சான். சிவநேசன் பெயரின் எதிரே இரண்டாயிரத்துச் சொச்சம் என்று ஒரு எண். என் பெயரின் எதிரே வெறும் கோடு. இரண்டு பெயரும் ஒரே வரியில் இருந்தன.

"அட, நீங்களே எனக்கு?" என்றார் சிவநேசன். ரொட்டி வாங்கிக் கொடுத்தவரை எதிர்த்து உட்காருவதா?

ஹெலன் அம்மா விதிகளைப் படித்தார். மேரி அன்ரி ஜன்னலிலிருந்து தலையை நீட்டி எனக்குச் சொன்னார்: "தம்பி, ஃபோனை ஆஃப் பண்ணிரணும்யா. மணி அடிச்சா ஆட்டம் போச்சு. அவ்வளவுதான், பேச்சே கிடையாது." என்னிடம்தான் ஃபோனே இல்லையே என்று நினைத்தேன். உடனே அடுத்த கவலை. செந்திலுக்கு வந்து சேர்ந்ததைச் சொல்லவில்லை. அவன் நீச்சல் குளத்தில் நின்றுகொண்டு, அண்ணன் எந்த ரயிலில் எங்கே போனானோ என்று தவிப்பான்.

சிவநேசன் தன் ஃபோனை அணைத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். "தம்பிக்கு ஒரே ஒரு ஃபோனுங்க" என்றேன். திரும்ப உயிர்ப்பித்து என்னிடம் தந்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார்.

நான் செந்தில் எண்ணைப் போட்டேன். ஒரு மணி. இரண்டு மணி. வெட்டினேன். அவர் காசு எதற்கு வீணாக வேண்டும்? ஏற்கனவே ரொட்டி, கட்டணம் எல்லாம் அவர் தலையில். இதையாவது மிச்சம் பிடிப்போம் என்று நினைத்தேன். பிறகு அணைக்கப் பார்த்தேன். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினேன், திரை இருண்டது. அவ்வளவுதான் என்று நாற்காலியில் தொங்கிய அவர் கோட்டுப் பையில் போட்டுவிட்டேன்.

அவர் வந்து உட்கார்ந்தார். "ஓஃப் பண்ணிட்டியளோ?"

"ஆமாங்க."

எனக்குப் புரியாத எதற்கும் நான் 'ஆமாங்க' சொல்லிவிடுவேன். சின்ன வயதிலிருந்து பழக்கம். வாத்தியார் புரிந்ததா என்றால் ஆமாங்க. வங்கிக்காரர் படித்தீர்களா என்றால் ஆமாங்க. அன்றைக்கும் அதுதான்.

கடிகாரத்தை அழுத்தினோம். ஆட்டத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஏழாவது நகர்த்தலிலேயே என் மந்திரியை இழந்தேன். எட்டாவதில் என் ராணிக்கு எதிரே அவர் குதிரை வந்து நின்றது. எந்தப் பக்கம் போனாலும் அடி. அவர் என்னைப் பார்க்கவில்லை, பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கர்வம் இல்லை. பொறுப்பாகக் கணக்கு எழுதுகிறவர் முகம் போல இருந்தது. பக்கத்தில் சூப்பை உறிஞ்சும் சத்தம் மட்டும்.

நான் என் குதிரையைத் தொடலாமா ராணியைத் தொடலாமா என்று கையை அந்தரத்தில் வைத்திருந்தபோது, சிவநேசன் கோட்டுக்குள்ளிருந்து நாதஸ்வரம் கேட்டது. கல்யாணத்தில் தாலி கட்டும்போது வாசிக்கும் கெட்டிமேளம். அந்த அமைதியில் மண்டபமே அதிர்ந்தது.

அவர் ஃபோனை எடுத்தார். திரையில் இருந்த எண்ணை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். சற்று முன்னால் நான் போட்ட எண். பிறகு அவர் என்னை ஒரே ஒரு முறை பார்த்தார்.

ஹெலன் அம்மா வந்து கடிகாரத்தை நிறுத்தினார். மெதுவாக ஏதோ சொன்னார். சிவநேசன், "மை ஃபோன். சாரி" என்றார். 'இவருடைய தம்பி' என்று சொல்லவில்லை. 'இவர்தான் வாங்கினார்' என்று சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. அந்த நேரத்தில் என் தலையில் ஓடியது: இது போலீஸ் விவகாரமாகுமோ, விசாவில் எழுதிவிடுவார்களோ, செந்தில் வேலைக்கு ஏதாவது வருமோ. சிவநேசன் சிட்னி போக வேண்டும் என்பது அந்த வரிசையில் கடைசியில்தான் வந்தது. அதற்குள் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். என் பக்கம் தாளைத் தள்ளினார்கள். எனக்கு ஒன்று, அவருக்குச் சுழி. நானும் கையெழுத்துப் போட்டேன். ஹெலன் அம்மா என் கையைக் குலுக்கினார்.

அவர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வாறன் அண்ணை" என்று வெளியே போனார்.

ஜெயித்தவனை ஜெயித்தவர்களோடுதான் மோதவிடுவார்களாம். அடுத்த சுற்றில் எனக்கு வந்த ஆட்டக்காரர், சிவநேசனைத் தோற்கடித்தவன் என்று என்னை மரியாதையாகப் பார்த்து, முதல் அரைமணி நேரம் பயந்து பயந்து ஆடினார். பிறகு பயம் தெளிந்து என்னைத் துவைத்துக் காயப்போட்டார். ஞாயிறு முடியும்வரை நான் வேறு எந்த ஆட்டத்திலும் ஒரு அரைப் புள்ளிகூட எடுக்கவில்லை.

சாயங்காலம் செந்தில் என்னை அழைத்துப்போக வந்தான். "என்னண்ணா, மிஸ்டு கால் குடுத்தீங்க, எடுக்கறதுக்குள்ள நின்னுபோச்சு, பாப்பாவைக் கூட்டிட்டு உள்ள போயிட்டேன். அப்புறம் பார்த்துட்டுக் கூப்பிட்டா கட் ஆகுது?" என்றான். நான் பதில் சொல்லும் முன் சுவரில் ஒட்டியிருந்த முடிவுகளைப் பார்த்துவிட்டான். "அண்ணா! ரெண்டாயிரம் ரேட்டிங்கையா தூக்குனீங்க!" படம் பிடித்தான். காரில் ஏறும் முன்பே அது குடும்ப வாட்ஸாப் குழுவில் போய் விழுந்தது. திருப்பூரிலிருந்து கைதட்டல்கள், மாலைகள், என் மச்சானின் குரல் செய்தி: "மாப்ள, குடத்தோட நிக்காம இப்ப கண்டத்தையே அள்ளீட்டீங்க!"

காரில் செந்திலிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் இண்டிகேட்டரைப் போட்டு வண்டியைத் திருப்பினான். "ரூல் ரூல்தானேண்ணா. அவர் ஃபோன்." அவன் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததே எனக்கு வெட்கமாகவும் இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு என் வெற்றிக்காகக் கவிதா பருப்புப் பாயசம் வைத்தாள். குடித்தேன்.

ஞாயிறு காலை மேரி அன்ரியைக் கூட்டிக்கொண்டு ஹெலன் அம்மாவிடம் போனேன். நான்தான் ஃபோனை அணைக்காமல் வைத்தவன், அழைத்தவன் என் தம்பி, புள்ளியை மாற்றி எழுதுங்கள் என்று சொல்லச் சொன்னேன். மேரி அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நேத்தே சொல்லியிருக்கலாமேயா" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் மொழிபெயர்த்தார். ஹெலன் அம்மா பொறுமையாகக் கேட்டார். ஃபோனுக்கு அதன் சொந்தக்காரரே பொறுப்பு, கையெழுத்தும் ஆகிவிட்டது, மாற்ற முடியாது என்றார். கடைசியில், "வந்து சொன்னது உங்கள் நேர்மை" என்றாராம். அதை மொழிபெயர்க்காமலே விட்டிருக்கலாம்.

சிவநேசன் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து மேரி அன்ரியின் தேங்காய்ச் சோற்றைச் சம்பலோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ்டு கால் விஷயத்தையும்.

"ஏன் அண்ணை ரெண்டு மணியோட வெட்டினனீங்கள்? முழுசாக் கதைச்சிருந்தா அவர் திருப்பி எடுத்திருக்க மாட்டாரே?"

"உங்க காசு வீணாகுமேன்னுதானுங்க."

கையில் சோற்றோடு அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். சம்பல் காரமாகவும் இருந்திருக்கலாம். "இஞ்ச ஃபோன் கோல் எல்லாம் ஃப்ரீ அண்ணை. மாசத்துக்கு ஒரே காசு. நாள் முழுக்கக் கதைச்சாலும் ஒரு சதமும் ஏறாது."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ர பிழையும்தான்" என்றார். "நான் ஒருக்காத் தொட்டுப் பாத்திருக்க வேணும். உங்களில கோவமில்லை எண்டு சொல்ல மாட்டன். நேற்று இரவு இருந்தது. இண்டைக்கும் கொஞ்சம் கிடக்கு." இன்னொரு வாய் சாப்பிட்டார். "ஒண்டு சொல்லுங்கோ. நீங்கள் என்னத்தைத் தொட நினைச்சனீங்கள்? ராணியையோ குதிரையையோ? அதை நினைச்சுத்தான் எனக்கு நித்திரை வரேல்லை."

"எனக்கே தெரியலீங்க" என்றேன். அதுதான் உண்மை.

மிச்சமிருந்த எல்லா ஆட்டத்திலும் அவர் ஜெயித்தார். ஒன்றையும் விடவில்லை. ஆனால் முதல் சுற்றுச் சுழி அப்படியே நின்றது. சூப் குடித்த பெரியவர் ஒரு ஆட்டத்தை மட்டும் சமன் செய்து, மற்றதையெல்லாம் ஜெயித்திருந்தார். சமனுக்கு அரைப் புள்ளி குறைவு, தோல்விக்கு ஒரு புள்ளி குறைவு. சிவநேசன் இரண்டாவது.

மேரி அன்ரியிடம் நோட்டை மாற்றி, சரியான தொகையை அவர் கையில் வைத்தேன். திருப்பி என் சட்டைப் பையில் திணித்தார். "இண்டைக்கு வாங்கினா கணக்கு முடிஞ்சிடும் அண்ணை. எங்கட ஆட்டம் முடியேல்லை. ஒன்பதாவது நகர்த்தல் உங்களுடையது. யோசிச்சு எனக்கு மெசேஜ் போடுங்கோ. ஆட்டத்தை முடிச்சுப்போட்டுக் காசைத் தாங்கோ."

அடுத்த வாரம் சிட்னி. செவன் ஹில்ஸில் என் மனைவியின் சித்தப்பா மகன் வீடு. ஒரு நாள் பாலத்தைக் காட்டினார்கள், ஒரு நாள் கடலைக் காட்டினார்கள். இரண்டும் பெரிதாக இருந்தன. சனிக்கிழமை நானே கேட்டுக்கொண்டு அந்தப் போட்டி நடக்கும் இடத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மெல்போர்ன் அணியின் நாலாவது நாற்காலியில் பெரியவர் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். தப்பாக அவர் ஒன்றும் செய்யவில்லை. எதிரே ஆடியவர் யோசித்த நேரத்தில் தலையைத் தூக்கியவர், என்னை அடையாளம் கண்டு கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

சிட்னி மச்சான், "உள்ள போலாம் வாங்க" என்றார். "வேண்டாமுங்க" என்று திரும்பினேன். சிவநேசனுக்கு ஃபோன் செய்யலாம் என்று தோன்றியது. அவர் எங்கே, எந்தப் பலகைக்கு முன்னால் இருப்பாரோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

திருப்பூருக்கு வந்து இறங்கினால், பட்டறையில் என் நாற்காலி முதுகில் சாட்டின் நாடாவில் அடித்த லேபிள். 'ஆஸ்திரேலியா சாம்பியன்.' பையன்கள் ஒரு முழு ரோலே ஓட்டியிருக்கிறார்கள். தங்க நிற எழுத்து. வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

நான் பலகையை எடுத்துத் தறித்த லேபிள்களுக்கு நடுவே வைத்து, அந்த எட்டு நகர்த்தலையும் ஆடி, அதே நிலையில் காய்களை நிறுத்தினேன். பையன்கள் சுற்றி நின்றார்கள்.

"இதுல யாருங்ணா ஜெயிக்கறது?"

"கறுப்பு."

"நீங்க எதுங்ணா?"

"வெள்ளை."

பிறகு மோட்டாரை நிறுத்தச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் போய் நாற்காலியிலிருந்த லேபிளைப் பிரித்தான். குடும்பக் குழுவிலும் குரல் செய்தியாகச் சொன்னேன். திருப்பூர் மச்சான் மட்டும், 'இருந்தாலும் ஜெயிச்சது ஜெயிச்சதுதானே மாப்ள' என்று போட்டார்.

பலகை அப்படியே இருக்கிறது. ராணியை நகர்த்தினாலும் தோல்வி, குதிரையை நகர்த்தினாலும் தோல்வி. கொஞ்சம் தாமதமாக, அவ்வளவுதான். தினமும் காலையில் பார்க்கிறேன். அனுப்பினால் நாலைந்து நாளில் முடிந்துவிடும். நேற்றுவரை அனுப்பாமல் இருந்தேன். இத்தனைக்குப் பிறகும் எனக்குத் தோற்க மனமில்லை என்பதை அந்தப் பலகைதான் காட்டிக்கொடுத்தது. நேற்று சிவநேசனிடமிருந்து செய்தி வந்தது: 'அண்ணை, சுகமோ? உங்கட முறை.'

இன்று காலை ராணியை நகர்த்தி, படம் பிடித்து அனுப்பிவிட்டேன். அவர் பதில் இன்னும் வரவில்லை. பாக்கி, நாற்பத்தைந்து டாலர்.